பரம்பரை மீது விழுந்த பழி

பத்திரிகையில் நாம் விடும் பிழைகள் மறுநாள் காலையில் மீன் சுற்றும் கடதாசியோடு போய்விடும் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். முள்ளியவளையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

அழைத்தவர் எனக்கு முன்பே அறிமுகமானவர். மீள்குடியேற்றம் பற்றி எழுதுவதற்காக வன்னிக்குப் போய்வந்த நாள்களில், தறப்பாள் கொட்டிலொன்றின் முன்னால் என்னை இருத்திப் பிளேன்ரீ ஊற்றித் தந்தவர். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நான் அவருக்குத் தம்பி. நலம் விசாரித்து முடிந்ததும் அவர் கேட்டார்:

"தம்பி, சண்டையிலை பட்ட துன்பம் பிறக்கிற பிள்ளையளுக்கும் இரத்தத்தோடை போகுமெண்டு நீங்கள் பேப்பரிலை எழுதினது உண்மைதானோ?"

விடயம் இதுதான். அவருடைய மகளுக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. குறிப்பும் பொருந்தி, ஏறத்தாழ முற்றாகிவிட்ட நிலை. அந்த வேளையில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மகளின் தமையனைப் பற்றிய தகவல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு 2009இல் பதினான்கு வயது. வலைஞர்மடத்தில் தகப்பன் ஷெல் பட்டு விழுந்தபோது பக்கத்தில் நின்றவன். அதன் பின்னர் நித்திரை இல்லை. தீபாவளிக்கு யாரோ வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். பல நாள் எவருடனும் பேசமாட்டான். இப்போது மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுக்கிறான். மாப்பிள்ளையின் மாமனார் முறையான ஒருவர் பழைய பத்திரிகைத் துண்டொன்றைப் படம் எடுத்து வைபரில் அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாராம்: "இது பரம்பரைக்கும் வருமாம்." அத்தோடு பேச்சு முறிந்தது.

அந்தத் துண்டின் தலைப்பை அக்கா எனக்கு வாசித்துக் காட்டினார். "போரின் வடு மரபணுவிலும் பதியும்: பேரப்பிள்ளைகளையும் விடாது!" வாசித்து முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தலைப்பை வைத்தவன் நான். வெளிநாட்டுச் செய்தியொன்றை மாலை ஆறு மணிக்கு மொழிபெயர்த்து, பக்கம் மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கையில், ஆச்சரியக்குறியும் போட்டு அனுப்பியது நினைவிருக்கிறது. போரின் கொடுமையை உலகுக்கு எடுத்துச் சொல்கிறோம் என்ற பெருமிதம்கூட அன்று இருந்தது.

இந்தப் பத்தி அந்தத் தலைப்புக்கான திருத்தம். கலைப்பட்டதாரியான நான் விஞ்ஞானம் சொல்ல வரவில்லை. பத்திரிகைக்காரன் செய்யவேண்டிய வேலையை, அதாவது கேட்டறிந்து, வாசித்து, சரிபார்த்து எழுதுவதை, காலந்தாழ்த்திச் செய்கிறேன்.

முதலில், அன்று நான் மொழிபெயர்த்த ஆய்வு உண்மையில் என்ன சொன்னது என்பதைப் பார்ப்போம். நியூயோர்க்கைச் சேர்ந்த பேராசிரியர் ரேச்சல் யெஹுதாவும் அவரது குழுவினரும் யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளையும் ஆராய்ந்தார்கள். அது 2015இல் இணையத்திலும் 2016இல் அச்சிலும் வெளிவந்தது. உயிர் தப்பியவர்கள் 32 பேர். பிள்ளைகள் 22 பேர். இவர்களுடைய இரத்தத்தில், ஒரு மரபணுவின் குறிப்பிட்ட ஓரிடத்தில், மெதைல் எனப்படும் சிறிய இரசாயனக் குறி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தார்கள். பெற்றோரிலும் பிள்ளைகளிலும் ஒப்பீட்டுக் குழுவினரிலிருந்து சிறு வேறுபாடு தெரிந்தது. பெற்றோரில் அந்தக் குறி கூடியும் பிள்ளைகளில் குறைந்தும் காணப்பட்டது. அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மனநோய் வரும் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. பேரப்பிள்ளைகள் ஆராயப்படவே இல்லை. அந்த வேறுபாடு கருவில் வந்ததா, துயரம் சுமந்த வீட்டில் வளர்ந்ததால் வந்ததா என்பதையும் இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்துப் பிரித்தறிய முடியாது என்று துறைசார்ந்த பலர் அன்றே சுட்டிக்காட்டினார்கள். "பேரப்பிள்ளைகளையும் விடாது" என்பது ஆய்வாளரின் முடிவல்ல, என் கைச்சரக்கு.

பிழை தலைப்போடு முடியவில்லை. நம்முடைய சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழகத்தில் மரபணு என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்களில் பரம்பரையலகு என்று படித்தோம். பரம்பரை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் எங்கே போகும்? அவர் பரம்பரை வைத்தியர், இவர் பரம்பரைக் காணிக்காரர், அந்தக் குடும்பத்தில் பரம்பரையாய் விசர். தகப்பனிடமிருந்து மகனுக்கு, மாற்றமின்றி, உறுதி எழுதிக் கொடுத்த காணிபோல வருவது பரம்பரை. ஆகவே, மனநோயில் பரம்பரையலகுக்குப் பங்கு உண்டு என்று மருத்துவர் சொன்னால், அந்தக் குடும்பமே நோய்க் குடும்பம் என்று நம் காதில் விழுகிறது.

மரபணு பிறக்கும்போது எழுதிப் பூட்டிவைத்த சாதகக் குறிப்பு அல்ல. அது நாளாந்தம் வாசிக்கப்படும் ஒரு செய்முறைக் குறிப்பு. நம் உடலின் கலங்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே குறிப்புத்தான் உள்ளது. ஆனால் மூளைக் கலம் ஒரு பகுதியை வாசிக்கிறது, ஈரல் கலம் வேறொரு பகுதியை வாசிக்கிறது. எந்தப் பகுதி எப்போது எவ்வளவு வாசிக்கப்படும் என்பதை உணவு, நோய், பயம், நித்திரை, ஆறுதல் யாவும் மாற்றுகின்றன. மேலே சொன்ன மெதைல் குறிகள் அந்த வாசிப்பைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அடையாளங்களில் ஒருவகை.

இதை மூளையில் காட்டியவர்களுள் முதன்மையானவர் எரிக் கன்டல். வியன்னாவில் பிறந்த யூதச் சிறுவன். நாசிகள் ஒஸ்திரியாவைப் பிடித்த பின்னர், 1939இல், ஒன்பது வயதில் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். பின்னாளில் கடல் நத்தை வகையொன்றை வைத்து, நினைவு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்து 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சில நிமிடங்கள் நிற்கும் நினைவுக்கு, இருக்கும் புரதங்களில் சிறு மாற்றம் போதும். நெடுநாள் நிற்கும் நினைவுக்கு, நரம்புக் கலத்தினுள் மரபணுக்கள் இயங்கிப் புதிய புரதங்கள் உருவாகி, நரம்பு இணைப்புகள் புதிதாய் வளரவேண்டும். அனுபவம் மரபணுவை இயக்குகிறது என்பதே இதன் பொருள். அப்படியானால், நல்ல சொல்லும் மூளையை மாற்றவல்லது. மனவளச் சிகிச்சை வேலை செய்வதும் இவ்வழியாகவே இருக்கவேண்டும் என்று கன்டல் வாதிட்டார்.

இனி அந்தத் தமையனின் நோய்க்கு வருவோம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று நம் உளமருத்துவர்கள் அதை அழைக்கிறார்கள். ஆபத்து வரும்போது உடலில் அட்ரினலினும், அதைத் தொடர்ந்து கோர்ட்டிசோல் என்ற ஓமோனும் பாய்கின்றன. ஆபத்து நீங்கியதும் அதே கோர்ட்டிசோல் மூளைக்குத் திரும்பிச் சென்று, "போதும், நிறுத்து" என்று சொல்லவேண்டும். வன்னியில் வளர்ந்தவர்களுக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் இது இலகுவில் விளங்கும். வயலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது துருசைத் திறக்கிறோம். வரம்பு நிறைந்ததும் மூடுகிறோம். துருசின் திருகு இறுகிப்போய் மூடமுடியாவிட்டால், பயிரை வாழ வைத்த அதே தண்ணீர் பயிரை அழுகச் செய்யும்.

எப்.கே.பி.பி.5 என்ற மரபணு அந்தத் திருகோடு தொடர்புடையது. அது உருவாக்கும் புரதம் கோர்ட்டிசோலின் "நிறுத்து" என்ற கட்டளையைக் கலம் கேட்கும் திறனைக் குறைக்கிறது. சிலரிடம் இந்த மரபணு நெருக்கீட்டின்போது மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கும் வகையாக அமைந்திருக்கிறது. 2008இல் எலிசபெத் பைன்டர், கெரி ரெஸ்லர் ஆகியோரின் குழு அட்லாண்டா நகரின் வறிய மக்களிடையே நடத்திய ஆய்வு கவனத்துக்குரியது. இந்த மரபணு வகை தனியே நின்று நோயை முன்னறிவிக்கவில்லை. சிறுவயதில் கடுமையான துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில்தான் அதன் பாதிப்புத் தெரிந்தது. 2013இல் மியூனிக்கில் அதே பைன்டரின் குழு, சிறுவயதுத் துன்பம் அந்த மரபணுவின் மெதைல் குறிகளை அகற்றிவிடுவதையும் காட்டியது. விதை இருந்தாலும் மழை வேண்டும் என்பதுபோல.

அப்படியானால் வன்னியில் பெய்தது எத்தகைய மழை?

இங்கே ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகக் குழுவொன்றைக் குறிப்பிடவேண்டும். தோமஸ் எல்பேர்ட், பிராங் நொய்னர், மகி ஷவுவர் முதலானோர் ஆபிரிக்க அகதி முகாம்களில் பணியாற்றியவர்கள். நம் வடகிழக்கிலும் பணியாற்றியவர்கள். உகண்டாவின் மேற்கு நைல் பகுதியில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அவர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. ஒருவர் அனுபவித்த கொடூர நிகழ்வுகளின் வகை கூடக்கூட நோயுறுவோரின் விகிதம் ஏறிக்கொண்டே போனது. மிக உச்சமான சுமையில் நோயுறாதவர் என்று எவரும் மிஞ்சவில்லை. பின்னர் ருவாண்டாப் படுகொலையிலிருந்து தப்பி, உகண்டாவின் நக்கிவாலே முகாமில் வாழ்ந்தோரின் மரபணுக்களையும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஒருவகை மரபணு உடையோர் குறைந்த சுமையிலேயே நோயுற்றனர்; மற்ற வகையினர் கூடிய சுமையைத் தாங்கினர். சுமை மிகவும் உயர்ந்த இடத்திலோ இரு வகையினருக்கும் இடையிலான வேறுபாடு மங்கி மறைந்தது.

2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறு மழைக்கு அத்திவாரம் உயர்ந்த வீடு தப்பும், தாழ்ந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும். குளங்களெல்லாம் வான் பாய்ந்து ஊரே மூழ்கும்போது, எந்த வீட்டு அத்திவாரம் எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளத்தில் மிதக்கும் வீட்டைப் பார்த்து, "இது கட்டினவன் வழியில் வந்த குறை" என்று சொல்வதும் இல்லை.

2009 ஜனவரி தொடக்கம் மே வரை வன்னியில் நடந்தது எத்தகைய வெள்ளம் என்பதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. அந்த இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களுக்குள் சென்றனர். அவர்களுள் பெரும்பாலானோர் வவுனியா, செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தனர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் முன்னரே, வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் எல்பேர்ட் குழுவினர் விசாரித்தபோது 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல், உறவினரின் சாவு போன்ற கொடூர நிகழ்வொன்றையேனும் கண்டிருந்தனர். நான்கில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோய் இருந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம், இந்த மக்களின் துயரம் தனியாட்களின் நோய் என்ற அளவில் அடங்காது, குடும்பமும் ஊரும் உறவும் சேர்ந்து சிதைந்த கூட்டு மனவடு இது என்று, வன்னி மக்களை வைத்தே 2010இல் எழுதினார்.

இத்தகைய இடத்தில் ஒரு பிள்ளை நித்திரையின்றித் தவித்தால், அதற்கான காரணத்தை அவனுடைய பரம்பரையில் தேடுவது நீதியாகுமா? ஷெல் அடித்தவனை விட்டுவிட்டு, ஷெல் பட்டவனின் இரத்தத்தைச் சோதிப்பதற்கு ஒப்பானது அது. மரபணுவின் மொழியில் போரைப் பேசும்போது, நாம் அறியாமலே ஒரு குற்றம் இடம் மாறிவிடுகிறது. செய்தவர் மறைந்து, பட்டவர் குறைபாடு உடையவராகிவிடுகிறார். என் தலைப்பு செய்த பெரிய தீங்கு அதுதான்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மூளை நோய்களில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் எழுதினால், அது இன்னொரு பிழையான தலைப்பாகிவிடும். ஹன்டிங்டன் நோய் ஒரே மரபணுவின் பிழையால் வருவது. அந்த மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆனால் அது அரிய நோய். ஸ்கிசோபிரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் வேறுவிதமானது. 2022இல் வெளியான பெரும் ஆய்வு, மரபணுத் தொகுதியில் அந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு அந்நோய் வருமென்றால், நோயாளியின் கூடப்பிறந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு வரலாம். அதையே திருப்பி வாசியுங்கள்: தொண்ணூறு பேருக்கு வராது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

மனவடு நோய் பற்றி 2024இல் வெளியான ஆய்வு 12 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை வைத்து 95 மரபணு இடங்களைக் கண்டது. அவையெல்லாம் சேர்ந்தும் நோயின் சிறு பங்கையே விளக்குகின்றன. முன்பு ஒற்றை மரபணுவைப் பிடித்துச் சொன்ன பல முடிவுகள் இத்தகைய பெரிய ஆய்வுகளின் முன்னால் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சுமை கூடினால் நோய் கூடும் என்ற முடிவோ நாடு மாறியும் நிலைத்து நிற்கிறது. இன்னொன்று: இந்தத் தரவுகளில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. முள்ளியவளைப் பிள்ளையொன்றின் மரபணுவைப் பார்த்து, அதன் வருங்காலத்தைச் சொல்லக்கூடிய சோதனை உலகில் எங்கும் கிடையாது. ரொறன்ரோவிலும் கிடையாது.

சரி, சிகிச்சை? இந்த மூலக்கூற்றுக் கதையில் எனக்கு நம்பிக்கை தந்த பகுதி இதுதான். கொன்ஸ்ரான்ஸ் குழுவினர் உருவாக்கிய எடுத்துரைப்புச் சிகிச்சை மிக எளிமையானது. பாதிக்கப்பட்டவர் தன் வாழ்க்கையைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறார். கொடூர நிகழ்வு வரும்போது நின்று, எந்த இடம், எந்த நேரம், என்ன சத்தம், உடல் என்ன செய்தது என்று பயிற்சி பெற்றவரின் துணையுடன் சொல்லி முடிக்கிறார். சிதறிக் கிடந்த பயத்துக்கு ஓர் இடமும் திகதியும் கிடைக்கின்றன. அது இப்போது நடக்கவில்லை, அன்று நடந்தது என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடகிழக்கின் முகாமில் 31 பிள்ளைகளிடம், நம் உள்ளூர் உளவளத்துணையாளர்களே ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தார்கள். ஒரு சாராருக்கு எடுத்துரைப்பு. மறு சாராருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தின் பின் முதற் சாராரில் 81 வீதமானோரும் மறு சாராரில் 71 வீதமானோரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். 2009இல் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான். ஆனால் நம் மண்ணில், நம் மொழியில் நடந்தது.

அதே பல்கலைக்கழகத்தினர் 2014இல் வேறொன்றையும் காட்டினார்கள். மனவடு நோயுள்ள அகதிகளின் இரத்தக் கலங்களில் டி.என்.ஏ. இழைகளின் முறிவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பேச்சுச் சிகிச்சையின் பின் அது குறைந்தது. இதுவும் சிறிய ஆய்வுதான். முற்றான முடிவாக இதை எடுக்கமாட்டேன். இருந்தும், துயரம் மூலக்கூறுவரை இறங்குமாயின் ஆறுதலும் அங்கேவரை இறங்கும் என்பதற்கு இது ஓர் அறிகுறி. இந்தச் செய்திக்கு நான் தலைப்பு வைக்கவே இல்லை. எந்தப் பத்திரிகையும் வைத்ததாக எனக்கு ஞாபகமும் இல்லை.

குளிசைகளைப் பற்றியும் ஒரு சொல். புளுஒக்சற்றீன் போன்றவை மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும், விலை குறைந்த மருந்து அது. குளிசை உடலில் சேர்ந்த சில மணி நேரத்திலேயே இரசாயனம் மாறத் தொடங்கினாலும், மனம் தேறுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம், சிலவேளை அதற்கு மேலும் செல்கிறது. நரம்பு இணைப்புகள் திருந்த எடுக்கும் காலம் அது. "பத்து நாள் குடிச்சும் ஒண்டுமில்லை" என்று நிறுத்திவிடுவோர் பலர். சுகம் வந்ததும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடுவோர் இன்னும் பலர். அதைவிட, கிளினிக்குக்குப் போவதை அயலவர் கண்டால் மகளின் கலியாணம் குழம்பும் என்று போகாமலே விடுவோரும் உளர். என் தலைப்பு எத்தனை பேரை அப்படி வீட்டுக்குள் இருத்தியதோ என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

நம் நாட்டிலேயே இன்னுமொரு பாடம் உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் கட்டங்கட்டமாகத் தடைசெய்யப்பட்டன. 1995இலும் 1998இலும் முக்கிய தடைகள். 2008 தொடக்கம் 2011 வரை பரகுவாட் உட்பட மேலும் மூன்று. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ எழுபது வீதத்தால் குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் எவருடைய மரபணுவும் மாறவில்லை. கடையில் விற்ற போத்தல்தான் மாறியது. பரம்பரையை மாற்ற நம்மால் முடியாது. சூழலை மாற்ற முடியும், அது உயிர் காக்கும்.

வன்னியில் மாற்றக்கூடியவை என்று நான் காண்பவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கிராமத்திலிருந்து ஒரு தாயும் மகனும் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாட்கூலி போய்விடுகிறது. மருந்தும் உளவளத்துணையும் ஊரின் அருகிலுள்ள வைத்தியசாலைக்கே வரவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நாளாந்தம் குளிசையில் தங்கியிருந்தவர்களின் நிலையை நாம் கண்டோம்; அது மீண்டும் நேரக்கூடாது. உளவளத்துணையாளர் பதவிகள் நன்கொடைத் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகாமல் நிரந்தரமாகவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டத்தையும் இங்கே மறக்கமுடியாது. ஆபத்து முடிந்தது என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அவர்களுக்கு இன்னமும் கிடைக்கவில்லை. மகன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வராதவரை எந்தத் துருசை எப்படி மூடுவது? உண்மை சொல்லப்படுவதும் ஒரு சிகிச்சைதான். அதற்கான மருந்துச்சீட்டு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். வன்னியில் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கும்போது, "குடும்பத்தில் யாருக்கும் மனநோய் உண்டோ?" என்று கேட்கும் முன்பு, அந்தக் குடும்பம் 2009இல் எங்கே நின்றது என்று கேளுங்கள். அங்கே நாம் நின்றிருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் எண்ணிப் பாருங்கள். மருந்து எடுத்து மீண்டுவரும் ஒருவரை வைத்திருக்கும் வீடு, மறைத்து வைக்கும் வீட்டைவிட ஆரோக்கியமானது.

அக்காவுக்கு அன்று நான் சொன்ன பதில் இவ்வளவு நீளமில்லை. "அக்கா, அது நான் விட்ட பிழை. தங்கச்சிக்குப் பிறக்கப்போற பிள்ளையளுக்கு இது வருமெண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. தம்பியின்ரை குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: "அப்ப அதையும் ஒருக்கால் எழுதிவிடுவீங்களோ தம்பி? எழுதினால் நான் வெட்டி வைச்சிருப்பன்."

பத்திரிகைகளில் பிழை முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். திருத்தம் உட்பக்க மூலையில் பொடி எழுத்தில் வரும். அந்தச் சம்பந்தம் முறிந்தது முறிந்ததுதான். இந்தப் பத்தி அதை ஒட்டவைக்காது. ஆயினும் அந்தத் துண்டை வைத்திருப்பவர்கள் இன்னும் எங்கெங்கோ இருப்பார்கள். அவர்கள் கண்ணில் இது படவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

மனம் தாங்கமுடியாத நிலையில் இருப்பவர்களோ அவர்களைச் சூழ்ந்தவர்களோ இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். அழைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.